பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குச் சரியான ஸ்பார்க் பிளக் எது?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் ஸ்பார்க் பிளக்கைப் பற்றிப் பேசத் தொடங்கினால், இரிடியம் போடலாமா, பிளாட்டினம் போடலாமா, சாதாரண பிளக்கே போதுமா என்ற கேள்வியில்தான் பேச்சு பெரும்பாலும் ஆரம்பமாகிறது. என்னைக் கேட்டால், அது வரிசையில் கடைசியாக வர வேண்டிய கேள்வி. பிளக்கின் அளவு இன்ஜினுக்குப் பொருந்துகிறதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. அதில் நம் விருப்பத்துக்கு இடமே இல்லை. அடுத்தது ஹீட் ரேஞ்ச், அதாவது பிளக் தன் சூட்டை எவ்வளவு விரைவாக வெளியேற்றுகிறது என்பது. உண்மையில் யோசித்து முடிவெடுக்க வேண்டிய இடம் அதுதான். அதன்பின் காரில் இருக்கும் இக்னிஷன் அமைப்புக்கு ஏற்ற இடைவெளியும் (பொறி பாயும் இரு எலக்ட்ரோடுகளுக்கு நடுவே உள்ள தூரம்) மின்தடையும் வருகின்றன. இவை முடிவான பிறகு, முனை எந்த உலோகம் என்பதை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். என்னிடம் இருப்பது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் எஸ்யூ கார்புரேட்டர்கள் இரண்டு பொருத்திய எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் என்பதால் எடுத்துக்காட்டுகள் சில அதையொட்டி அமையும். ஆனால் பாயின்ட்டும் (மின்சாரத்தைத் துண்டித்துப் பொறியை எழுப்பும் தொடர்பு முனை) கார்புரேட்டரும் உள்ள எந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கும் இந்த வரிசை பொருந்தும்.

அளவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் மிகப் பெரும்பாலானவை 14 மி.மீ. விட்டமுள்ள மரையைக் கொண்ட பிளக்கையே ஏற்கின்றன. விட்டம் ஒன்றாக இருப்பதால் எந்தப் பிளக்கும் எந்த ஹெட்டிலும் (சிலிண்டர்களின் மேல்மூடி) ஏறிவிடும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. மரைப் பகுதியின் நீளம் காருக்குக் கார் மாறுகிறது. டிரையம்ப் டிஆர்4 காரின் நான்கு சிலிண்டர் இன்ஜினுக்கு 12.7 மி.மீ. நீளம்; அதே காலத்து எம்ஜிபிக்கு 19 மி.மீ. நீளம். குட்டையான ஹெட்டில் நீளமான பிளக்கைப் போட்டால் மரையின் நுனி எரியறைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். அது பழுக்கக் காய்ந்து, பொறி வருவதற்கு முன்பே கலவையைப் பற்றவைக்கலாம், பிஸ்டனோ வால்வோ இடிக்கவும் இடிக்கலாம். நீட்டிய மரையில் கரி இறுகிவிட்டால், பிளக்கைக் கழற்றும்போது ஹெட்டின் மரையும் சேர்ந்து வந்துவிடும். நீளமான ஹெட்டில் குட்டையான பிளக்கைப் போட்டாலோ பொறி ஒரு குழிக்குள் பிறக்கிறது. வெறுமையாக விடப்பட்ட மரையில் கரி படிந்து, பின்னர் சரியான பிளக்கைப் போட முயலும்போது அது ஏறவே ஏறாது.

பழைய கார்களில், எந்தக் காருக்கு எந்தப் பிளக் என்று சொல்லும் அட்டவணையை மட்டும் நம்பக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் பல கைகள் மாறிய காரில் முதலில் பொருத்திய ஹெட்தான் இன்றும் இருக்கிறது என்பதற்கு உறுதி இல்லை. எம்ஜி டிடி காலத்து எக்ஸ்பிஏஜி இன்ஜினையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முந்தைய ஹெட்டுக்கு 12.7 மி.மீ. பிளக், பிந்தைய ஹெட்டுக்கு 19 மி.மீ. பிளக். பதிவுச் சான்றிதழில் உள்ள ஆண்டைப் பார்த்துப் பிளக் வாங்குபவருக்கு அந்தக் காரில் எந்த ஹெட் உட்கார்ந்திருக்கிறது என்பது எப்படித் தெரியும்? பிளக் துளையின் மரை ஆழத்தை ஒருமுறை அளந்து குறித்து வைத்துக்கொண்டால் அந்தச் சந்தேகம் என்றென்றைக்கும் தீர்ந்துவிடும். அப்போதே, ஹெட்டில் பிளக் அமரும் இடம் வாஷருக்கான தட்டையான தளமா, வாஷர் இல்லாத கூம்பு வடிவத் தளமா என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டால் அழுத்தம் கசியும்.

இனி ஹீட் ரேஞ்ச். ஹாட் பிளக் என்றால் சூடான பொறி தரும் என்றும், கோல்டு பிளக் என்றால் பொறி வலுவற்றது என்றும் பலர் நினைக்கிறார்கள். பொறிக்கும் இந்தப் பெயர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எரியறைக்குள் இருக்கும் பீங்கான் மூக்கு தான் வாங்கிய வெப்பத்தை எவ்வளவு விரைவாக ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதையே ஹீட் ரேஞ்ச் குறிக்கிறது. மூக்கு நீளமாக இருந்தால் வெப்பம் வெளியேற நெடுந்தூரம் கடக்க வேண்டும். முனை சூடாகவே இருக்கும். அது ஹாட் பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் வெப்பம் சீக்கிரம் இறங்கிவிடும். அது கோல்டு பிளக். முனையின் வெப்பநிலை ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் அதில் படியும் கரி தானாக எரிந்து போகும். 800 டிகிரிக்கு மேலே போகப் போக, முனையே ஒரு கங்குபோல் நின்று, பொறிக்குக் காத்திராமல் கலவையைப் பற்றவைக்கத் தொடங்கும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே, சிக்னலில் நின்று உறுமும்போதும், நெடுஞ்சாலையில் முழு வேகத்தில் போகும்போதும், முனையை நிறுத்தி வைக்கும் எண்ணைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

எண் என்றதும் கவனமாக இருக்க வேண்டிய ஒரு குழப்பம் வந்துவிடுகிறது. என்ஜிகே, டென்சோ ஆகிய ஜப்பானிய நிறுவனங்களின் குறியீட்டில் எண் கூடக் கூடப் பிளக் கோல்டு ஆகிறது. சாம்பியன், பாஷ் ஆகியவற்றில் எண் கூடக் கூடப் பிளக் ஹாட் ஆகிறது. இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பாஷின் பழைய குறியீட்டில் டபிள்யூ175, டபிள்யூ225, டபிள்யூ260 என்று மூன்று இலக்க எண்கள் இருந்தன. அங்கே எண் கூடினால் கோல்டு. பின்னர் வந்த ஒற்றை இலக்கக் குறியீட்டில் திசையே தலைகீழாகிவிட்டது. 1960களின் ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் காரின் கையேட்டை வைத்துக்கொண்டு இன்றைய பெட்டியில் உள்ள எண்ணைப் படிப்பவர் இந்த இடத்தில் எளிதாகத் தடுக்கி விழுவார். ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொரு நிறுவனத்துக்கு மனக்கணக்கில் மாற்றாமல், நிறுவனங்களே வெளியிடும் ஒப்பீட்டு அட்டவணையைப் பார்த்து மாற்றுவதே முறை. எம்ஜிபிக்குக் கையேடு சொல்லும் பழைய பிளக் சாம்பியன் என்9ஒய். அதற்கு இணையாக என்ஜிகேவில் பிபி6இஎஸ் வருகிறது. அந்தக் குறியீட்டை ஒருமுறை பிரித்துப் படித்துவிட்டால் பிறகு எந்தப் பெட்டியும் பேசும்: பி என்பது 14 மி.மீ. மரை, அடுத்த பி என்பது மூக்கு வெளியே நீட்டிய வடிவம், 6 என்பது ஹீட் ரேஞ்ச், இ என்பது 19 மி.மீ. நீளம், எஸ் என்பது செப்பு உள்ளீடுள்ள சாதாரண நடு எலக்ட்ரோடு. இ இருக்கும் இடத்தில் எச் இருந்தால் நீளம் 12.7 மி.மீ. கடைக்காரர் அவசரத்தில் எடுத்துத் தரும் பெட்டியில் இந்த ஒரு எழுத்தைப் பார்க்காமல் நான் பணம் கொடுப்பதில்லை.

கையேடு சொல்லும் எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் அந்த எண் எந்தச் சூழலுக்காகச் சொல்லப்பட்டது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்றைய பெட்ரோலில் ஈயம் இருந்தது. காரை வாங்கியவர் அதைத் தினமும் ஓட்டினார், நெடுந்தூரம் வேகமாகவும் ஓட்டினார். இன்று அதே கார் வார இறுதியில் சிறிது தூரம் போய்வருகிறது. பாதி நேரம் இன்ஜின் முழுச் சூட்டுக்கே வருவதில்லை. குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் தரும் சோக்கை இழுத்த நிலையில் சற்றுத் தூரம் ஓடுகிறது. இப்படி ஓடும் காரில் முனை 450 டிகிரியை எட்டாமல் கரி படிவது இயல்பு. மறுபக்கம், எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், கார்புரேட்டரின் ஜெட்டை மாற்றாமல் 10 சதவீத எத்தனால் உள்ள பெட்ரோலை ஊற்றினால் கலவை ஏறத்தாழ 3 முதல் 4 சதவீதம் லீன் ஆகிவிடும், அதாவது அதில் பெட்ரோல் குறைந்து காற்று மிகும். நவீன காரில் கணினி அதைச் சரிசெய்துகொள்ளும்; எஸ்யூ, வெபர் போன்ற கார்புரேட்டர்கள் தாமாகச் செய்துகொள்ளாது. லீன் கலவை முனையைச் சூடாக்கும். ஆக, ஒரு காரணம் ஹாட் பக்கம் இழுக்கிறது, இன்னொன்று கோல்டு பக்கம் இழுக்கிறது. பொதுவிதி சொல்லி இதைத் தீர்க்க முடியாது. அந்தந்த இன்ஜினிலிருந்து கழற்றிய பிளக்கைப் பார்த்துத்தான் தீர்க்க முடியும்.

அப்படிப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. நெடுநேரம் ஐட்லிங்கில் நின்ற இன்ஜினின் பிளக் கறுத்துத்தான் இருக்கும். அதைவைத்து ஹீட் ரேஞ்சை மாற்றுவது வீண். இன்ஜின் நன்றாகச் சூடான பின், பாரமுள்ள ஏற்றத்திலோ சீரான வேகத்திலோ சில கிலோமீட்டர் ஓட்டி, கிளட்சை மிதித்து அங்கேயே இன்ஜினை அணைத்து, ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். இன்ஜின் ஆறிய பின் பிளக்கைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பீங்கான் மூக்கின் நிறம் பெரும்பாலும் கலவையைப் பற்றிச் சொல்லும். ஈய பெட்ரோல் காலத்து நூல்கள் சொல்லும் அழகான பழுப்பு நிறத்தை இன்றைய பெட்ரோலில் எதிர்பார்க்க வேண்டாம்; வெளிறிய சாம்பல் நிறமும் இளம் மணல் நிறமும் இன்று நலமான இன்ஜினின் அடையாளங்களே. ஹீட் ரேஞ்சைப் பற்றிச் சொல்வது, பக்கத்தில் வளைந்து வரும் எர்த் எலக்ட்ரோடு. அந்த உலோகப் பட்டையின் நுனியிலிருந்து அடிவரை கண்ணை ஓட்டினால், ஓரிடத்தில் நிறம் மாறும் கோடு ஒன்று தெரியும். சூட்டில் நிறம் மாறிய பகுதி அங்கே முடிகிறது. அந்தக் கோடு வளைவின் பக்கத்தில் இருந்தால் எண் சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம். நுனியிலேயே நின்றுவிட்டால் பிளக் கோல்டு. மரையோடு சேரும் அடிவரை இறங்கிவிட்டால் பிளக் ஹாட். மூக்கின்மேல் மிளகுத் தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகளோ, பளபளக்கும் மிகச் சிறிய உலோகத் துளிகளோ தென்பட்டால், வேறு எதையும் பார்ப்பதற்கு முன் காரை ஓட்டுவதை நிறுத்த வேண்டும். நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) நடந்திருக்கிறது, ஒருவேளை பிஸ்டனின் அலுமினியமே உருகி வந்து ஒட்டியிருக்கிறது.

நான்கு பிளக்கும் கறுத்து, உலர்ந்த கரியோடு இருந்தால், ஹாட் பிளக் வாங்கக் கிளம்புவதற்கு முன் சோக் முழுவதும் விடுகிறதா, மிதவை அறையில் பெட்ரோல் மட்டம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு பிளக் மட்டும் எண்ணெய் பூசியதுபோல் இருந்தால், அது அந்தச் சிலிண்டரின் ரிங் அல்லது வால்வு கைடின் நோய். ஹீட் ரேஞ்ச் மாற்றி அதை மறைக்கலாம், குணப்படுத்த முடியாது. கலவையும், பொறி வரும் நேரமான டைமிங்கும் சரி என்று உறுதியான பிறகு மட்டுமே எண்ணை மாற்ற வேண்டும், அதையும் ஒருமுறைக்கு ஒரு படி மட்டுமே மாற்ற வேண்டும். கம்ப்ரஷனைக் கூட்டிய இன்ஜினுக்கும், பந்தயத் தடத்தில் ஓடும் காருக்கும் ஒரு படி கோல்டு பிளக் பெரும்பாலும் தேவைப்படும். எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் நிற்கும்போது நான் கோல்டு பக்கமே சாய்வேன். கோல்டு பிளக் தவறானால் கரி படிந்து மிஸ் அடிக்கும், கழற்றித் துடைத்துவிடலாம். ஹாட் பிளக் தவறானால் பிஸ்டனில் துளை விழும்.

மூக்கின் வடிவத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. நீட்டிய மூக்கு, மெதுவாக ஓடும்போது சீக்கிரம் சூடாகிக் கரியை எரித்துவிடுகிறது. வேகமாக ஓடும்போது உள்ளே பாயும் புதுக் கலவையின் குளிர்ச்சி அதன்மேல் படுகிறது. ஆகவே சாலையில் ஓடும் காருக்கு அது நல்ல வடிவம். ஆனால் உயர்ந்த தலையுள்ள பிஸ்டன் போட்ட இன்ஜினில் அது இடிக்காதா என்று அளந்து பார்த்த பின்பே போட வேண்டும். சில கார்களுக்குத் தனி வழக்கங்களும் உண்டு. ஆல்ஃபா ரோமியோவின் இரட்டை கேம் இன்ஜின்களுக்கு, நான்கு பக்க எலக்ட்ரோடுகள் கொண்ட கோல்டன் லாட்ஜ் 2எச்எல் பிளக் பெயர் பெற்றது. அதில் இடைவெளி சரிசெய்யும் வேலையே இல்லை. மஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் ரோட்டரி இன்ஜினில் ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு பிளக்குகள். அந்தக் காரின் பிந்தைய தலைமுறைகளில் என்ஜிகே எண்ணில் முந்திப் பற்றவைப்பதற்கு 7, பிந்தையதற்கு 9. இரண்டையும் இடம் மாற்றிப் போடக் கூடாது. ரோட்டரின் முனையில் உள்ள அபெக்ஸ் சீல் பிளக் துளையைத் தாண்டியே ஓடுவதால், தோற்றத்தில் ஒத்த வேறு பிளக்கையும் அங்கே போடக் கூடாது.

இடைவெளிக்கு வருவோம். எம்ஜிபியின் கையேடு சொல்வது 0.025 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.63 மி.மீ. இன்றைய கார்களில் 1 மி.மீ.க்கு மேலும் இடைவெளி இருப்பதைப் பார்த்துவிட்டு, பழைய காரிலும் அப்படி வைத்தால் பொறி பெரிதாக வரும் என்று சிலர் செய்து பார்க்கிறார்கள். பாயின்ட்டை நம்பியிருக்கும் காயில் (பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் கம்பிச் சுருள்) தரக்கூடிய மின்னழுத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. இடைவெளி கூடினால் தேவைப்படும் மின்னழுத்தமும் கூடும். தேவை எல்லையை மீறியதும், அதிலும் முழு பாரத்தில் ஏற்றம் ஏறும்போது, மிஸ் அடிக்கும். போதாததற்கு அந்த மின்னழுத்தம், பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டார் வழியாகவோ அதன் கேப்பின் விரிசல் வழியாகவோ வேறு பாதை தேடிக்கொள்ளும். எலக்ட்ரானிக் இக்னிஷனும் அதற்கேற்ற காயிலும் பொருத்திய காரில் 0.8 மி.மீ. வரை போவதில் தவறில்லை. பெட்டியில் இருந்து வரும் பிளக்கின் இடைவெளி நம் காருக்கானதாக இருக்கும் என்று எண்ணக் கூடாது. குறியீட்டின் இறுதியில் 11 என்று இருந்தால் அது 1.1 மி.மீ. இடைவெளியோடு வந்திருக்கிறது என்று பொருள். ஃபீலர் கேஜ் வைத்து ஒவ்வொன்றையும் பார்த்து, எர்த் எலக்ட்ரோடை மட்டும் வளைத்துச் சரிசெய்யுங்கள். நடு எலக்ட்ரோடில் கருவியை ஊன்றி நெம்பக் கூடாது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது காயிலின் துருவம். 1967 வரை வந்த எம்ஜிபிகள் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை காரின் உடலோடு இணைந்த அமைப்பு) கொண்டவை; அவற்றில் பல பிற்பாடு நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றப்பட்டுள்ளன. மாற்றியவர் காயிலின் இரண்டு சிறு வயர்களையும் இடம் மாற்றாமல் விட்டிருந்தால், பொறி தலைகீழாகப் பாய்ந்துகொண்டிருக்கும். சூடாக இருக்கும் நடு எலக்ட்ரோடிலிருந்து எலக்ட்ரான் கிளம்புவது எளிது. அதனால்தான் நடு எலக்ட்ரோடு நெகட்டிவாக இருக்கும்படி அமைக்கிறார்கள். தலைகீழானால் அதே இடைவெளியைத் தாண்டக் கணிசமாகக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். கார் ஓடத்தான் செய்யும். குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், பிளக்கின்மேல் பழி விழும். இரண்டு வயர்களை மாற்றினால் தீர்கிற குறைக்காகப் புதுப் பிளக் வாங்குவது வீண் செலவு.

குறியீட்டில் ஆர் என்ற எழுத்து வந்தால், உள்ளே ஏறத்தாழ 5,000 ஓம் மின்தடை இருக்கிறது. பொறியினால் எழும் ரேடியோ இரைச்சலை அது அடக்குகிறது. செப்புக் கம்பி வயரும் பாயின்ட்டும் மட்டுமே உள்ள காருக்கு அது கட்டாயமில்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எலக்ட்ரானிக் மாட்யூல் பொருத்தியிருந்தால் மின்தடை அவசியம். இரைச்சல் அந்த மாட்யூலையே தடுமாற வைக்கும். வயரிலும் பிளக் கேப்பிலும் ஏற்கனவே மின்தடை இருக்கும் காரில், பிளக்கிலும் மேலும் ஒன்றைச் சேர்ப்பதற்கு முன் மீட்டரை வைத்து மொத்தத்தை அளந்து பார்ப்பது நல்லது.

இப்போது உலோகம். செப்புப் பிளக் என்று நாம் சொல்வதில் முனை செம்பு இல்லை; செம்பு உள்ளே வெப்பத்தைக் கடத்த இருக்கிறது, முனை நிக்கல் கலவை. நிக்கல் 1,455 டிகிரியில் உருகும், பிளாட்டினம் 1,768 டிகிரியில், இரிடியம் 2,446 டிகிரியில். உருகுநிலை இவ்வளவு உயர்வாக இருப்பதால்தான் இரிடியம் முனையை 0.4 அல்லது 0.6 மி.மீ. அளவுக்கு மெல்லியதாகச் செய்ய முடிகிறது. மெல்லிய முனையிலிருந்து பொறி பாயக் குறைந்த மின்னழுத்தம் போதும். வலுக் குறைந்த காயில் உள்ள காருக்கு இது மெய்யான உதவி. ஆனால் இரிடியத்தின் முதன்மையான பலன் நீண்ட ஆயுள். பெட்ரோல் மிகுந்த ரிச் கலவையில் நனைந்தும், சோக்கில் கறுத்தும், சோதனைக்காக அடிக்கடி கழற்றப்பட்டும் வாழ்கிற பழைய கார் பிளக்குக்கு அந்த ஆயுளை முழுவதும் வாழ வாய்ப்பே கிடைப்பதில்லை. கலவையைச் சரிசெய்து முடிக்கும் வரை நிக்கல் பிளக்கைப் போட்டு அதிலிருந்து படித்துக்கொள்வதும், எல்லாம் ஒழுங்கான பிறகு வேண்டுமானால் அதே ஹீட் ரேஞ்சில் இரிடியம் போடுவதும் அறிவுடைமை. 1989இல் வெளிவந்த முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற கார்களில் ஒரு காயில் இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரே நேரத்தில் பொறி தருகிறது. அதனால் பாதிப் பிளக்குகளில் பொறி எப்போதும் எதிர்த்திசையில் பாய்கிறது. பிளாட்டினம் போடுவதானால், இரு எலக்ட்ரோடுகளிலும் பிளாட்டினம் உள்ளதையே அங்கே போட வேண்டும்.

பொருத்தும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். அலுமினிய ஹெட்டாக இருந்தால் இது இரட்டிப்பு அவசியம். பழைய பிளக்கைக் கழற்றுவதற்கு முன் குழியில் உள்ள மண்ணை ஊதித் தள்ளுங்கள். புதியதை, அதற்குப் பொருந்தும் ஒரு ரப்பர் குழாயில் செருகி, விரலாலேயே சுற்றுங்கள். மரை தப்பி ஏறினால் குழாய் கையில் வழுக்கி உடனே சொல்லிவிடும், ஸ்பேனர் சொல்லாது. வாஷர் உள்ள 14 மி.மீ. பிளக், விரலால் அமர்ந்த பின் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்றுவரை இறுகினால் போதும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் அலுமினிய ஹெட்டுக்கு 25 முதல் 30, வார்ப்பிரும்பு ஹெட்டுக்கு 25 முதல் 35 நியூட்டன் மீட்டர். முலாம் பூசிய மரைக்குக் கிரீஸ் வேண்டாம் என்று என்ஜிகே சொல்கிறது. மரை வழுவழுப்பானால், ரெஞ்ச் காட்டும் அளவைவிடப் பிளக் கூடுதலாக இறுகிவிடும் என்பதே காரணம்.

இப்போது என் காரில் இருப்பது பிபிஆர்6இஎஸ், இடைவெளி 0.63 மி.மீ. டிஸ்ட்ரிபியூட்டரில் எலக்ட்ரானிக் மாட்யூல் இருப்பதால் ஆர் சேர்ந்தது. மற்றபடி கையேட்டின் எண்ணிலிருந்து விலகக் காரணம் எதையும் எர்த் எலக்ட்ரோடின் கோடு எனக்குக் காட்டவில்லை. எத்தனால் அளவு கூடிய பெட்ரோல் வந்தால் முதலில், பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் எஸ்யூவின் ஊசியை மாற்றிப் பார்ப்பேன். அதன்பிறகும் கோடு அடிவரை இறங்கினால் மட்டுமே 7க்குப் போவேன்.